டிரம்ஸ் இருக்கையிலிருந்து: புட்ச் விக்கின் ஊர்களில் ஒரு பயணம்

வியாழன், சிகாகோ

இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம் புட்ச் விக். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். பெரிதாகப் பேர் வாங்காத ராக் பேண்டுகளில் டிரம்ஸ் வாசித்தார். பிறகு மற்றவர்களின் பாடல்களைப் பதிவு செய்து தரும் ரெக்கார்ட் புரொட்யூசர் ஆனார். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 'சயமீஸ் டிரீம்', கிரீன் டேயின் '21ஸ்ட் செஞ்சுரி பிரேக்டவுன்', ஃபூ ஃபைட்டர்ஸின் 'வேஸ்டிங் லைட்' எல்லாம் அவர் கை பட்ட ராக் ஆல்பங்கள். ஆல்பத்துக்குப் பணம் போடுவது அவர் வேலையில்லை. பாட்டை எந்த வேகத்தில் வாசிப்பது, எந்த டேக்கை, அதாவது எந்தத் தடவை வாசித்துப் பதிந்ததை, வைத்துக்கொள்வது, பாடகரை இன்னொரு முறை பாடச் சொல்வதா வீட்டுக்கு அனுப்புவதா என்று ஸ்டுடியோவில் உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் வேலை.

நான் கல்லூரிக் காலத்திலிருந்து டிரம்ஸ் வாசிக்கிறேன். டிரம்ஸ் வாசிப்பவர் மேடையில் பின்னால் இருப்பவர். முன்னால் நிற்கிற எல்லாரையும் முதுகுப் பக்கத்திலிருந்து பார்ப்பவர். பாடகருக்கு மூச்சு வாங்குகிறதா, கிட்டார்காரருக்குப் பதற்றமா என்பது முதலில் தெரிவது அவருக்குத்தான். விக் நல்ல புரொட்யூசர் ஆனதற்கு அந்த இருக்கைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவர் வாழ்ந்த, வேலை பார்த்த ஊர்களில் நின்று அதை யோசித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

விமானம் இறங்கியதும் அறைக்குப் போகாமல் பெல்மாண்ட் அவென்யூவுக்குப் போனேன். எலெக்ட்ரிகல் ஆடியோ ஸ்டுடியோ அங்கேதான் இருக்கிறது. ஸ்டீவ் ஆல்பினி 1997இல் திறந்தது. 'பிக் பிளாக்' என்ற பேண்டில் கிட்டார் வாசித்துப் பாடியவர் அவர். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்களைப் பதிவு செய்தார். 2024 மே மாதம் 61 வயதில் மாரடைப்பில் இறந்துபோனார். வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம். ஒலிக்காக உள்ளே மண்செங்கல்லால் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஆல்பினியின் கதை விக்கின் கதையோடு ஓர் இடத்தில் உரசும். அந்த இடத்துக்குத் திங்களன்று போகிறேன், மீதியை அப்போது எழுதுகிறேன்.

வெள்ளி, மேடிசன்

சிகாகோவிலிருந்து மேடிசனுக்குப் பேருந்து. வழி நெடுக அறுவடை முடிந்த சோள வயல்கள், நடுநடுவே சிவப்புக் களஞ்சியங்கள். மதியத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டேன். நண்பன் காத்திருந்தான். திருச்சிக்காரன், இங்கே மென்பொருள் வேலை.

“மச்சி, கேபிடல் கட்டடம் பார்க்கல, ஏரி பார்க்கல, நேரா ஸ்டுடியோவா?”

“முதல்ல அது, அப்புறம் ஏரி.”

மேடிசன் இரண்டு ஏரிகளுக்கு நடுவில் ஒரு பட்டை மாதிரிக் கிடக்கிற ஊர். வடக்கே மெண்டோட்டா, தெற்கே மொனோனா. நடுவில் வெள்ளைக் கிரானைட் குவிமாடத்தோடு மாநிலத் தலைமைச் செயலகம். அங்கிருந்து வடகிழக்கே நீளும் அகலச் சாலைதான் ஈஸ்ட் வாஷிங்டன் அவென்யூ. ஒரு காலத்தில் தொழிற்சாலைச் சாலை. இப்போது இரண்டு பக்கமும் கண்ணாடி அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. அவற்றுக்கு நடுவே 1254 என்ற எண்ணில் ஒரு பழைய செங்கல் கட்டடம். இதுதான் ஸ்மார்ட் ஸ்டுடியோஸ் இருந்த இடம். 2010இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இவ்வளவு சத்தமான சாலையில் எப்படி ரெக்கார்டிங் செய்தார்கள் என்று நண்பன் கேட்டான். உள்ளே நடந்த சத்தத்தை நினைத்தால் லாரி ஒரு பொருட்டே இல்லை.

விக் 1970களில் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர். மாணவர்கள் எடுத்த படங்களுக்கு சிந்தசைசரில் பின்னணி இசை போட்டுக்கொடுத்தார். அங்கே பழக்கமானவர் ஸ்டீவ் மார்க்கர். இன்னொரு பக்கம், டக் எரிக்ஸனோடு சேர்ந்து 'ஸ்பூனர்' என்ற பேண்டில் டிரம்ஸ். ஸ்பூனருக்கு இந்தப் பக்கத்து ஊர்களில் ரசிகர்கள் இருந்தார்கள், அதைத் தாண்டிப் போகவில்லை. தங்கள் பாடல்களைத் தாங்களே பதிவு செய்துகொள்ள வேண்டிய நிலை. மார்க்கரின் வீட்டு அடித்தளத்தில் ஒரு நான்கு டிராக் டேப் மெஷினில் ஆரம்பித்தார்கள். 1983இல் இருவரும் சேர்ந்து ஸ்மார்ட்டைத் தொடங்கினார்கள். முதலில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் ஓர் அறை, சில வருடம் கழித்து இந்தச் செங்கல் கட்டடம்.

வந்தவர்கள் யார்? மேடிசனின் கில்டோசர், டார் பேபீஸ், மில்வாக்கியின் டி குரோய்ட்சன் மாதிரியான பங்க் பேண்டுகள். கையில் சில நூறு டாலர்தான் இருக்கும். ஓரிரு நாளில் முழு ஆல்பமும் முடிய வேண்டும். காலையில் டிரம்ஸுக்கு மைக் வைத்து, மதியத்துக்குள் பேண்ட் வாசித்து, இரவுக்குள் குரல் பதிந்து, விடியற்காலையில் மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிந்ததையெல்லாம் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது. இப்படி வருடக்கணக்கில். விக்கின் திறமைக்கு எது காரணம் என்று கேட்டால் நான் இந்த வருடங்களைத்தான் சொல்வேன். நேரம் இல்லாதபோது எது முக்கியம் என்று உடனே தெரிந்தாக வேண்டும். கிட்டார் சுருதி கொஞ்சம் பிசகினாலும் அந்த டேக்கில் உயிர் இருந்தால் விட்டுவிடலாம். டிரம்ஸ் தளர்ந்தால் எல்லாமே தளர்ந்துவிடும், அதை விடக்கூடாது. இந்த மாதிரி ஆயிரம் சின்ன முடிவுகளை எடுத்து எடுத்துக் காது பழகியவர் அவர்.

நடுவில் அவரும் பெரிய கம்பெனியைப் பார்த்துவிட்டார். எரிக்ஸனோடும் ஃபில் டேவிஸோடும் சேர்ந்து 'ஃபயர் டவுன்' என்ற பேண்ட். 1987இல் முதல் ஆல்பம் வந்தது. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் எடுத்துக்கொண்டது. 1989இல் இரண்டாவது ஆல்பம். இந்த முறை வெளியாள் ஒருவர் புரொட்யூசர், பெரிய செலவு, வானொலிக்கு ஏற்றாற்போல மெருகு. விற்கவில்லை. பேண்ட் கலைந்தது. விக் மறுபடி ஈஸ்ட் வாஷிங்டனுக்கு வந்து, சில நூறு டாலர் பேண்டுகளுக்கு மைக் வைக்க ஆரம்பித்தார். ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்தவர் என்பது சின்ன விஷயமில்லை. நம் பாட்டை இன்னொருவர் மெருகேற்றும்போது உள்ளுக்குள் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அதே 1989இல் அவர் பதிவு செய்த கில்டோசரின் 'ட்வெல்வ் பாயிண்ட் பக்' ஆல்பத்தை இரண்டு இடங்களில் உற்றுக் கேட்டார்கள். சியாட்டிலில் சப் பாப் ரெக்கார்ட் கம்பெனிக்காரர்கள். சிகாகோவில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் பாடகர் பில்லி கோர்கன். அவ்வளவு கனமான டிரம்ஸ் சத்தத்தை அத்தனை தெளிவாக யார் பதிவு செய்தது என்ற கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு தரப்பும் மேடிசனுக்கு வந்தது.

1990 ஏப்ரல் முதல் வாரம் சப் பாப் அனுப்பி நிர்வாணா வந்தது. கிட்டாரும் குரலும் கர்ட் கோபேன், பேஸில் கிறிஸ்ட் நோவோசெலிக், டிரம்ஸில் சாட் சானிங். ஒரு வாரத்துக்குள் எட்டுப் பாடல்கள். கோபேன் கத்திப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டது, அதோடு வேலை நின்றது. அந்தப் பதிவின் பிரதிகள் கைமாறிக் கைமாறிப் பெரிய கம்பெனிகளிடம் போயின. அதில் 'பாலி' என்ற பாடலை மட்டும் பிறகு திரும்பப் பதியவே இல்லை. இந்தக் கட்டடத்தில் பதிந்ததே 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் இருக்கிறது. ஒரு மலிவான பழைய கிட்டார், தணிந்த குரல், இடையிடையே சானிங் தட்டும் சிம்பல். கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போன ஓர் ஆல்பத்தின் மூன்று நிமிடம் இந்தச் சாலையோரத்தில் உருவானது. நண்பனிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்து அங்கேயே கேட்க வைத்தேன். கேட்டு முடித்ததும் அவன் லாரிகளைப் பற்றிப் பேசவில்லை.

மீதி ஆல்பம் 1991 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸில், சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில். இப்போது டிரம்ஸில் டேவ் குரோல். அங்கே விக் நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பிடித்த பாடம். ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் குரலுக்குத் தடிமன் வரும். கோபேனுக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. விக் வாதாடவில்லை. ஜான் லென்னனும் அப்படித்தான் செய்தார் என்றார். லென்னன் கோபேனுக்கு உயிர், அதோடு மறுப்பு போய்விட்டது. கோபேன் பலமுறை பாடமாட்டார் என்பதும் விக்குக்குத் தெரியும். அதனால் தொண்டையைத் தயார் செய்யப் பாடுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்ததையும் டேப்பில் பிடித்து வைத்துக்கொண்டார்.

கடைசிப் பாடலை மெதுவாகப் பாட வேண்டும். பேண்டோடு வாசித்துப் பார்த்தார்கள், சரியாக வரவில்லை. கோபேன் கண்ட்ரோல் அறைக்குள் வந்து சோபாவில் படுத்தபடி, அது எப்படி இருக்க வேண்டும் என்று கிசுகிசுப்பாகப் பாடிக் காட்டினார். விக் தொலைபேசி இணைப்பைப் பிடுங்கினார், ஏசியை நிறுத்தினார், மைக்கை அங்கேயே கொண்டுவந்து வைத்தார். ஆல்பத்தில் நாம் கேட்பது அந்தச் சோபாவில் பாடியதுதான். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆயிரம் இன்ஜினியர்கள் இருப்பார்கள். அந்த நொடியில் எழுந்துபோய் ஏசியை நிறுத்தத் தோன்றியது, டிரம்ஸ் இருக்கையிலிருந்து மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு.

1991 செப்டம்பர் 24 அன்று ஆல்பம் வெளியானது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம்.

கோர்கன் கதை இதற்கு நேர் எதிர். பம்ப்கின்ஸின் முதல் ஆல்பம் 'கிஷ்' 1990 டிசம்பரில் தொடங்கி இதே கட்டடத்தில் பதிவானது. கோபேன் இரண்டாவது முறை பாடச் சொன்னாலே முகம் சுளிப்பவர் என்றால், கோர்கன் இருபதாவது முறையும் போதாது என்பவர். அடுத்த ஆல்பம் 'சயமீஸ் டிரீம்' ஜார்ஜியா மாநிலத்தில் மாதக்கணக்கில் நடந்தது. அதில் ஒரு பாடலுக்கு நாற்பது கிட்டார் பதிவுகள்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கணினி கிடையாது, எல்லாம் டேப். ஒருவரிடம் முதல் டேக்கைப் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும், இன்னொருவரோடு நாற்பதாவது கிட்டார்வரை சலிக்காமல் உட்காரத் தெரிய வேண்டும். இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். இன்றைக்கு வேறெதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நண்பன் வீட்டுக்குப் போய்ச் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சனி, மேடிசன்

காலையில் தலைமைச் செயலகத்தைச் சுற்றி உழவர் சந்தை. இங்கே எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் நடக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கூட்டம் அப்படி நகர்கிறது. ஆப்பிள், பூசணி, அப்புறம் கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும் புதுச் சீஸ் துண்டுகள். நண்பனின் மனைவி இரண்டு பை வாங்கினார்.

மொனோனா ஏரிக்கரையில் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் நினைவிடம். 1967 டிசம்பர் 10 அன்று கிளீவ்லாண்டிலிருந்து மேடிசனுக்குக் கச்சேரிக்கு வந்துகொண்டிருந்த அவரது சிறு விமானம் இந்த ஏரியில் விழுந்தது. அவருக்கு வயது 26. அதற்குச் சில நாள் முன்புதான் மெம்பிஸில் ஒரு பாட்டைப் பதிவு செய்திருந்தார். ஸ்டாக்ஸ் ரெக்கார்ட் கம்பெனியின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிராப்பர் அந்தப் பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியவர், புரொட்யூசரும் அவரே. நண்பர் இறந்த துக்கத்தோடு மிக்ஸிங்குக்கு உட்கார்ந்தார் கிராப்பர். கடல் அலையும் கடற்பறவையும் அந்தப் பாட்டில் கேட்கும், அவற்றைச் சேர்த்து முடித்தவர் அவர்தான். 1968இல் அது முதலிடத்துக்குப் போனது. வாசிப்பவரே புரொட்யூசராகவும் இருப்பது என்ன மாதிரியான பொறுப்பு என்று அந்தக் கரையில் நின்றபோது எனக்கு நன்றாக உறைத்தது.

பிறகு விக்கின் இரண்டாவது வாழ்க்கை. 'நெவர்மைண்ட்' வெற்றிக்குப் பிறகு நாடெங்கும் இருந்து அழைப்பு. எல்லாருக்கும் அதே சத்தம் வேண்டும். சோனிக் யூத், எல்7 என்று நல்ல பேண்டுகளோடு வேலை பார்த்தார். ஆனால் கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்றே வருடக்கணக்கில் பதிந்து அவருக்கு அலுத்துவிட்டது. பப்ளிக் எனிமி போன்ற ஹிப்ஹாப் குழுக்கள் சாம்ப்ளரை (பதிந்த சத்தத் துண்டுகளை எடுத்துத் திரும்ப வாசிக்கும் கருவி) வைத்துச் செய்வது அவரை இழுத்தது. மார்க்கரையும் எரிக்ஸனையும் சேர்த்துக்கொண்டு மற்ற பேண்டுகளின் பாடல்களை எடுத்து ரீமிக்ஸ் செய்தார். குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிவிட்டுப் புதிதாகக் கட்டுவார்கள். அந்த விளையாட்டிலிருந்துதான் 'கார்பேஜ்' பிறந்தது.

பாடகி வேண்டும். மார்க்கர் ஒருநாள் இரவு எம்டிவியில் ஏஞ்சல்ஃபிஷ் என்ற ஸ்காட்லாந்து பேண்டின் வீடியோவைப் பார்த்தார். பாடியவர் எடின்பரோவைச் சேர்ந்த ஷெர்லி மேன்சன். லண்டனில் அவரை மூவரும் முதன்முதலாகச் சந்தித்த நாள் 1994 ஏப்ரல் 8. கோபேன் இறந்துவிட்டார் என்று உலகத்துக்குத் தெரியவந்ததும் அதே நாள்தான். இதை எப்போது படித்தாலும் நான் கொஞ்சம் நிற்பேன். விக்கின் வாழ்க்கையில் ஒரு கதவு சாத்தியதும் இன்னொன்று திறந்ததும் ஒரே நாளில்.

மேன்சன் மேடிசனுக்கு வந்து பாடிப் பார்த்த முதல் முறை சரிப்படவில்லை. பின்னர் மறுபடி வந்தார், நிலைத்தார். 1995 ஆகஸ்டில் வந்த முதல் ஆல்பம் உலகம் முழுக்க நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் ஒரு பாடலின் தாளம் தி கிளாஷ் பேண்டின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த டிரம்ஸ் துண்டு. தானே டிரம்ஸ் கலைஞராக இருந்தும், பாட்டுக்கு அது பொருந்துகிறது என்றால் இன்னொருவர் வாசித்ததை எடுத்து வைக்கத் தயங்காதவர். என்னால் அதை அவ்வளவு எளிதாகச் செய்ய முடியுமா என்று சந்தேகம்தான்.

கார்பேஜை இங்கேயே, இந்த ஊரிலேயே செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலஸுக்கோ போயிருக்கலாம். லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது பிறகு. முதல் ஆல்பமும் 1998இன் இரண்டாம் ஆல்பமும் அதே ஈஸ்ட் வாஷிங்டனில், இருபது வருடமாகத் தெரிந்த அதே நண்பர்களோடு.

மாலையில் நண்பன் இரண்டு காலி இடங்களைக் காட்டினான். அந்தக் காலத்துப் பேண்டுகள் வாசித்த கிளப்புகள் அங்கேதான் இருந்தன. கிளப் டி வாஷ் இருந்த ஹோட்டல் 1996இல் எரிந்துபோனது. ஓகேஸ் கோரல் 2001 புத்தாண்டு அன்று எரிந்தது.

ஞாயிறு, விரோக்வா

இன்று 14ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்கே, நண்பனின் காரில். ஸ்பிரிங் கிரீன், ரிச்லாண்ட் சென்டர் தாண்டியதும் நிலம் மாறுகிறது. தட்டையான வயல் போய் செங்குத்தான குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும். பனியுகத்தில் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் பனிப்பாறைகள் சமமாகத் தேய்த்துவிட்டன, இந்தப் பகுதியை மட்டும் அவை தொடவில்லை. மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவ மக்களின் குதிரை வண்டிகள் சாலையோரமாக வரிசையாகப் போயின. ஆண்கள் கறுப்புத் தொப்பி, பெண்கள் வெள்ளைத் தலைமூடி. வட்ட வடிவக் களஞ்சியங்கள் இந்தக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நிறைய, இரண்டைப் பார்த்துவிட்டோம்.

விரோக்வா ஐயாயிரம் பேருக்கும் குறைவான ஊர். நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி, புகையிலை விளைந்த பூமி. மெயின் தெருவில் 1922இல் கட்டிய டெம்பிள் தியேட்டர் இன்னும் நன்றாக இருக்கிறது. ஞாயிறு என்பதால் கடைகள் பாதி மூடியிருந்தன. 1955 ஆகஸ்ட் 2 அன்று பிறந்த பிரையன் டேவிட் விக் வளர்ந்தது இங்கே. அப்பா மருத்துவர், அம்மா இசை ஆசிரியை. அப்பா ஒட்ட வெட்டிவிடும் முடியால்தான் 'புட்ச்' என்ற பேர். வீட்டில் அம்மாவின் பாட்டுத் தட்டுகள். பையன் ஆறு வருடம் பியானோ படித்தான்.

அப்புறம் தொலைக்காட்சி. 1967 செப்டம்பரில் 'ஸ்மதர்ஸ் பிரதர்ஸ்' நிகழ்ச்சியில் தி ஹூ பேண்ட் வாசித்தது. முடிவில் கீத் மூனின் டிரம்ஸுக்குள் வைத்திருந்த வெடி வெடித்து மேடையே புகையானது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அன்றோடு பியானோ போய்விட்டது. அறுபது டாலருக்கு ஒரு டிரம்ஸ் செட் வாங்கினான்.

இந்தப் பியானோ வருடங்களை நான் சும்மா கடந்துபோகமாட்டேன். நான் பார்த்த டிரம்ஸ் கலைஞர்கள் பலர் தாளத்தை மட்டும் கேட்பவர்கள். விக் சுருதியும் கேட்கப் பழகியவர். நிர்வாணாவும் சரி, கார்பேஜும் சரி, எவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் மெட்டு மேலே தெரியும். பங்க் பேண்டுகளைப் பதிந்த இன்ஜினியர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். மெட்டுக்காக ஏங்குகிற காது எல்லாருக்கும் இருக்கவில்லை. அம்மா வீட்டில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஊரில் நின்றபோது இது எனக்கு ஊகமாகத் தோன்றவில்லை.

காபிக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். “இவ்ளோ சின்ன ஊர்ல இருந்து போய் அவ்ளோ பெரிய ஆல்பமா?” என்றான் நண்பன். சின்ன ஊர் என்பது குறையில்லை என்றேன். பக்கத்தில் பார்த்துக் காப்பியடிக்க ஆள் இல்லாதவன், டிவியிலும் ரேடியோவிலும் வருவதை உற்று உற்றுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். புரொட்யூசருக்கு வேண்டியது அந்தக் கேட்கிற பழக்கம்தானே. மதியத்துக்கு நண்பனின் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை. இரவு லா கிராஸ் ஊரில், மிசிசிப்பி நதிக்கரையில் தங்கியிருக்கிறோம்.

திங்கள், கேனன் ஃபால்ஸ்

மிசிசிப்பியைக் கடந்து மினசோட்டா. 61ஆம் எண் சாலை நதியை ஒட்டியே வடக்கே போகிறது. வினோனா, வாபஷா, லேக் சிட்டி. நதி ஓரிடத்தில் விரிந்து ஏரியாகவே ஆகிவிடுகிறது. வெண்தலைக் கழுகுகளைப் பார்த்தோம். ரெட் விங்கிலிருந்து மேற்கே திரும்பினால் கேனன் ஃபால்ஸ்.

ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கிறது பாக்கிடெர்ம் ஸ்டுடியோ. தனியார் இடம், வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். சாலையிலிருந்தே மரங்களைப் பார்த்துக்கொண்டோம். 1993 பிப்ரவரியில், கடும் குளிரில், நிர்வாணா வேறொரு பெயரில் முன்பதிவு செய்து இங்கே வந்து 'இன் யூட்டரோ'வைப் பதிவு செய்தது. பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி.

விக்கை ஏன் கூப்பிடவில்லை? 'நெவர்மைண்ட்' ரொம்பப் பளபளப்பாகிவிட்டது என்று கோபேன் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார். அதன் கடைசி மிக்ஸிங்கைச் செய்தவர் ஆண்டி வாலஸ், விக் இல்லை. இருந்தாலும் அந்தப் பழி விக்குக்கும்தான். கோபேனுக்கு இந்த முறை பேண்ட் ஓர் அறையில் வாசிப்பது அப்படியே கேட்க வேண்டும். ஆல்பினி அதற்கு ஏற்ற ஆள். 'புரொட்யூசர்' என்று தன் பேரைப் போடவே சம்மதிக்காதவர், 'பதிவு செய்தவர்' என்றால் போதும் என்பவர். விற்பனையில் பங்கு வாங்க மறுத்தார். பிளம்பருக்குக் கொடுப்பது போல வேலைக்குக் கூலி கொடுங்கள் என்று பேண்டுக்குக் கடிதமே எழுதினார். ஒரு லட்சம் டாலர், அதோடு கணக்கு முடிந்தது. ஆல்பம் எத்தனை லட்சம் விற்றாலும் அவருக்கு மேற்கொண்டு ஒரு சென்ட் கிடையாது. இரண்டு வாரத்தில் வேலையை முடித்தார். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பாடல்களை ஸ்காட் லிட் என்ற புரொட்யூசர் மறுபடி மிக்ஸ் செய்தார்.

ஆல்பினி மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரியது. பேண்டின் உழைப்பில் இன்னொருவர் காலமெல்லாம் பங்கு வாங்குவது தவறு என்று அவர் சொன்னதோடு நிற்கவில்லை, தன் பணத்தை விட்டுக்கொடுத்து வாழ்ந்து காட்டினார். ஆனால் ஒரு பேண்ட் வாசிப்பதை அப்படியே பிடிப்பதுதான் நேர்மை, அதற்கு மேல் கை வைப்பது குறுக்கீடு என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. சோபாவில் படுத்துக்கொண்டு கிசுகிசுத்தவர் அருகில் மைக் கொண்டுவந்து வைத்ததும் ஒரு குறுக்கீடுதான். அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இல்லை. பாடுபவருக்கே தெரியாமல் அவரிடம் இருப்பதை வெளியே கொண்டுவர ஒருவர் வேண்டியிருக்கிறது. அவர் முன்பு தோற்ற பேண்டில் வாசித்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. வாபஷாவில் காரில் கேட்டதிலிருந்தே அவனுக்கு 'இன் யூட்டரோ' பிடித்துப்போய்விட்டது. “அந்த டிரம்ஸைக் கேளுடா, ரூமுக்குள்ளயே உட்கார்ந்திருக்கற மாதிரி இருக்கு.” உண்மைதான். நல்ல அறை, தள்ளி வைத்த மைக்குகள், நடுவில் குரோல். நானும் மறுக்கவில்லை.

கிளம்பும்போது அவனுக்காக 'வேஸ்டிங் லைட்' போட்டேன். 'நெவர்மைண்ட்' முடிந்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்து, 2010இல், டேவ் குரோல் தன் ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்டுக்காக வீட்டு கராஜில் ஓர் ஆல்பம் செய்ய நினைத்தபோது கூப்பிட்டது விக்கை. கணினி கூடாது, டேப் மட்டும். மேடிசனில் சில நூறு டாலர் பேண்டுகளுக்கு டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டிய கைக்கு அது புதிதில்லை. ஒரு பாடலில் பேஸ் வாசிக்க நோவோசெலிக்கும் வந்தார். அதற்குச் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. விக்குக்கு எழுபது வயது ஆகிவிட்டது. கார்பேஜின் புதிய ஆல்பம் 2025 மே மாதம் வந்திருக்கிறது. மேன்சன், எரிக்ஸன், மார்க்கர், அப்புறம் டிரம்ஸில் விக். அதே நால்வர்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: மேடிசன் வரை பேருந்து போதும், அதற்கு மேல் கார் இல்லாமல் முடியாது. அக்டோபரில் போங்கள். 'பாலி'யை ஈஸ்ட் வாஷிங்டனில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கேளுங்கள், நல்ல ஹெட்ஃபோனில்.